பார்சர்: தமிழில் பகுப்பி

சதுரங்க ஆட்டங்கள் அடங்கிய கோப்பு ஒன்றைப் படிக்கச் சின்னதாக ஒரு நிரல் எழுத உட்கார்ந்தால், முதல் நாளே எதிர்ப்படும் சொல் பார்சர். எழுத்துகளை வரிசையாக வாங்கி, உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எது என்ன வேலை செய்கிறது என்று சொல்லும் நிரல் அது.

லத்தீனில் பார்ஸ் என்றால் பகுதி. பார்ஸ் ஒராசியோனிஸ் என்றால் சொல்வகை. வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் எந்த வகை என்று மாணவர்கள் சொல்லும் இலக்கணப் பயிற்சிக்கு 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பார்ஸ் என்ற வினை வழங்கியது. கணினிக்காரர்கள் அதைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

நமக்கு இந்த வேலை புதிதல்ல. நன்னூல் பகுபதத்துக்கு, அதாவது உறுப்புகளாகப் பிரிக்கத்தக்க சொல்லுக்கு, ஆறு உறுப்புகள் சொல்கிறது: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். பள்ளியில் நாம் பிரித்த ‘நடந்தனன்’ நினைவிருக்கும்: நட + த் + த் + அன் + அன். முதல் ‘த்’ சந்தி. அது ‘ந்’ ஆனது விகாரம். அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை. பிறகு சாரியை, கடைசியில் ஆண்பால் விகுதி. அன்று தாளில் செய்ததைத்தான் இன்று நிரலில் செய்கிறோம்.

ஆங்கில எழுத்துகளில் எழுதும் சதுரங்கக் குறியீட்டில் ‘என்பிடி2’ (Nbd2) என்ற நகர்வைப் பாருங்கள். ‘என்’ குதிரை, ‘பி’ அது புறப்படும் நெடுவரிசை, ‘டி2’ போய்ச் சேரும் கட்டம். இங்கே ஒரு பொறி உண்டு. பெரிய எழுத்து ‘பி’ மந்திரி, சிறிய எழுத்து ‘பி’ நெடுவரிசை. சிப்பாய் வெட்டும் நகர்வு அது புறப்படும் நெடுவரிசையின் எழுத்தில்தான் தொடங்கும். படிக்க வசதியாக எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட்டால், சிப்பாய் வெட்டியதா மந்திரி வெட்டியதா என்பது தொலைந்துபோகும். ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறும் கோட்டை கட்டுதலிலும் அப்படித்தான்: ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிவைக்க 1993இல் வந்த பி.ஜி.என். என்ற கோப்பு வடிவம் அதைக் குறிக்க ‘ஓ’ என்ற எழுத்தைக் கேட்கிறது, பல கோப்புகளில் இருப்பதோ பூஜ்யம். இரண்டையும் ஏற்கும்படி எழுதுவதே நல்லது.

தொடக்கப் பயிற்சிக்கு எஃப்.இ.என். குறியீட்டைத்தான் சொல்வேன். பலகையின் நிலை முழுவதும் ஒரே வரியில், இடைவெளியால் பிரிந்த ஆறு புலங்களில் அடங்கிவிடும். ஆறு என்ற எண் பகுபத உறுப்புகளோடு ஒத்துப்போவது தற்செயல்தான், எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. முதல் புலத்தில் எண்கள் காலிக் கட்டங்களைக் குறிக்கும். ஒவ்வொரு கிடைவரிசையிலும் காய்களும் காலிக் கட்டங்களும் சேர்ந்து எட்டு வரவேண்டும். வராவிட்டால் வரி பிழையானது. பி.ஜி.என். இதைவிடக் கடினம். மாற்று நகர்வுகள் அடைப்புக்குறிக்குள் வரும், அதற்குள் இன்னோர் அடைப்புக்குறியும் வரலாம். தன்னையே திரும்ப அழைக்கும் செயற்கூறு (ஃபங்க்ஷன்) அங்கே தேவைப்படும்.

தமிழில் என்ன சொல்லலாம்? பாகுபடுத்தி என்ற சொல் வழக்கில் இருக்கிறது, பிழையில்லை. ஆனால் பாகுபாடு என்றதும் இன்று மனிதரை வேற்றுமைப்படுத்துவதுதான் நினைவுக்கு வருகிறது. பகுப்பாய்வி என்றால் ஆராய்ந்து முடிவு சொல்வது என்றாகிவிடும். நான் பகுப்பி என்றே எழுதுகிறேன். பகுபதம், பகுதி, பகுப்பி எல்லாம் ஒரே வேரில் நிற்கின்றன. லத்தீன் மூலத்தின் பொருளும் அதுவே.

பகுப்பியின் எல்லையும் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘நடந்தனன்’ என்பதைப் பிரித்தால் நடந்தவன் ஆண், ஒருவன், நடந்து முடிந்தது என்பதுவரை கிடைக்கும். அவன் யார் என்பது வாக்கியத்தில் இருக்கிறது. ‘என்எஃப்3’ என்பதைப் பிரித்தாலும் ஒரு குதிரை எஃப்3க்குப் போகிறது என்பதே கிடைக்கும். எந்தக் குதிரை என்று பலகையைத்தான் கேட்கவேண்டும்.