எச்.பி.சி.யூ.: தமிழில் எப்படிச் சொல்வது?

கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபர் ஆனபோது, அவருடைய தாய்வழிப் பூர்வீகமான துளசேந்திரபுரத்தோடு சேர்த்து அவர் படித்த ஹோவர்டு பல்கலைக்கழகமும் பேச்சில் அடிபட்டது. அதைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் எச்.பி.சி.யூ. என்ற சுருக்கம் தவறாமல் இருக்கும். விரித்தால் 'ஹிஸ்டாரிக்கலி பிளாக் காலேஜஸ் அண்டு யுனிவர்சிட்டீஸ்'. ஹோவர்டு தனியார் பல்கலைக்கழகம். ஆனால் இந்த வகையைச் சேர்ந்த ஏறத்தாழ நூறு நிறுவனங்களில் பாதி, மாநில அரசுகள் நடத்துபவை. இந்தச் சொல்லின் கதை அந்த அரசுப் பல்கலைக்கழகங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது.

சொல்லுக்குச் சொல் 'வரலாற்று ரீதியாகக் கறுப்பினப் பல்கலைக்கழகம்' என்று பெயர்த்தால் படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று மாற்றினால் வெறும் பழம்பெருமை என்று ஆகிவிடும். 'கறுப்பினப் பல்கலைக்கழகம்' என்று நிறுத்திக்கொண்டால் இன்னும் மோசம், மற்றவர்களுக்கு அங்கே இடமில்லை என்று தோன்றும். இந்த நிறுவனங்கள் எந்த இனத்தவரையும் சேர்த்துக்கொள்பவை.

அமெரிக்கச் சட்டம் இதை எப்படி வரையறுக்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும். 1964-க்கு முன் நிறுவப்பட்டிருக்க வேண்டும். கறுப்பின அமெரிக்கர்களுக்குக் கல்வி தருவது அன்றும் இன்றும் அதன் முதன்மைப் பணியாக இருக்க வேண்டும். முறையான அங்கீகாரமும் வேண்டும். இன்று எத்தனை கறுப்பின மாணவர்கள் படிக்கிறார்கள் என்ற எண்ணிக்கை இந்த வரையறையில் கிடையாது. மேற்கு வர்ஜீனியாவில் புளூஃபீல்டு ஸ்டேட் என்று ஒரு அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1895-ல், சுரங்கத் தொழிலாளர்களான கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இன்று அங்கே பெரும்பான்மை வெள்ளை இன மாணவர்கள். ஆனாலும் அது எச்.பி.சி.யூ.தான். சரி, அப்படியானால் இந்தச் சொல் சுட்டுவது மாணவர்களின் நிறத்தை அல்ல, அந்த நிறுவனம் யாருக்காகப் பிறந்தது என்ற மரபை. அதனால் 'கறுப்பின மரபுப் பல்கலைக்கழகம்' என்பதே பொருத்தமான தமிழ் என்று நினைக்கிறேன். கட்டுரையில் முதல்முறை வரும்போது 'கறுப்பின மக்களுக்காக நிறுவப்பட்ட' என்று ஒரு விளக்கம் சேர்த்துவிட்டால் போதும்.

இந்தப் பெயரும் தொடக்கத்தில் இருந்து வந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை 'நீக்ரோ கல்லூரி' என்பதே வழக்கு. தனியார் கல்லூரிகளுக்காக 1944-ல் தொடங்கிய நிதியத்தின் பெயரில் அந்தச் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1980-ல் அதிபர் கார்ட்டர் பிறப்பித்த நிர்வாக ஆணையில் 'ஹிஸ்டாரிக்கலி பிளாக்' வந்துவிட்டது. பழைய தமிழ்ப் புத்தகங்களில் 'நீக்ரோ' தாராளமாக வரும். இன்று அது அந்த மக்களை இழிவுபடுத்தும் சொல். மேற்கோளிலும் பெயரிலும் தவிர வேறெங்கும் அதை எழுதக் கூடாது.

இப்படித் தனியாகப் பல்கலைக்கழகங்கள் ஏன் தேவைப்பட்டன? 1862-ல் வந்த மோரில் சட்டம், வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை உருவாக்க மாநிலங்களுக்குக் கூட்டாட்சி அரசின் நிலத்தை வழங்கியது. தென் மாநிலங்களில் அப்படி வந்த கல்லூரிகளில் பெரும்பாலானவற்றின் கதவு கறுப்பின மக்களுக்குச் சாத்தியே இருந்தது. 1890-ல் இரண்டாவது மோரில் சட்டம் ஒரு நிபந்தனை போட்டது: சேர்க்கையில் இனம் பார்க்காதே, இல்லையென்றால் அவர்களுக்கென்று தனிக் கல்லூரி ஏற்படுத்து. தென் மாநிலங்கள் இரண்டாவது வழியைத்தான் எடுத்தன. இந்த வகைக்கு 'லேண்டு கிராண்ட்' என்று பெயர், தமிழில் நிலக்கொடைப் பல்கலைக்கழகம் எனலாம். ஆனால் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது நிலம் அல்ல, பணம். பெயரில் நிலக்கொடை இருந்தும் இவற்றில் பெரும்பாலானவற்றின் கைக்கு அந்த நிலம் வந்ததில்லை.

அப்படிப் பிறந்ததுதான் வட கரோலைனா ஏ அண்டு டி பல்கலைக்கழகம். 1891-ல் மாநிலச் சட்டமன்றம் அதை நிறுவியபோது வைத்த பெயரிலேயே 'நிற இனத்தவருக்கான வேளாண்மை, இயந்திரவியல் கல்லூரி' என்று எழுதி வைத்தார்கள். ராலேயில் ஷா பல்கலைக்கழகத்தின் இடத்தில் வகுப்புகள் தொடங்கி, 1893-ல் கிரீன்ஸ்பரோவுக்கு வந்தது. 1915-ல் பெயர் 'வேளாண்மை, தொழில்நுட்பக் கல்லூரி' என்று மாறியது, ஏ அண்டு டி என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம். 1901 முதல் 1928 வரை அங்கே பெண்களைச் சேர்க்கவில்லை. ஒரு கதவு சாத்தப்பட்டதால் உருவான இடமே இன்னொரு கதவைச் சாத்தியது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1960 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. இந்தக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் நான்கு பேர், எசெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்னீல், நகரத்து வுல்வொர்த் கடைக்குப் போனார்கள். சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள், கடைக்காரர்களும் கல்லாவில் காசை வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அதே கடையின் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காப்பி கேட்டபோது, கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கறுப்பின மக்கள் பொருள் வாங்கலாம், உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது அந்தக் கடையின் விதி. நான்கு பேரும் கடை மூடும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், பக்கத்திலிருந்த பென்னெட் மகளிர் கல்லூரி மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள். வார முடிவில் கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியது. இந்த உள்ளிருப்புப் போராட்டம் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவ, ஜூலை 25 அன்று அந்த மேடை எல்லோருக்கும் திறந்தது. அந்தக் கட்டடம் 2010 முதல் குடிமை உரிமைப் போராட்ட அருங்காட்சியகமாக இருக்கிறது. நால்வரின் சிலை வளாகத்தில் நிற்கிறது. நான்கு பேரும் ஒரே விடுதியில் தங்கியவர்கள், இரவெல்லாம் அறையில் பேசிப் பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தார்கள். அப்படிக் கூடிப் பேச ஒரு வளாகம் இருந்ததை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

வளாக வாழ்க்கைக்கென்று தனிச் சொற்கள் உண்டு. மாணவர்கள் வளாகத்தை 'யார்டு' என்பார்கள். நம் 'முற்றம்' அதற்கு அப்படியே பொருந்தும், வீட்டு ஆட்கள் கூடும் இடம் என்ற நெருக்கமும் அதில் வந்துவிடுகிறது. ஏ அண்டு டி மாணவர்கள் தங்களை 'ஆகீஸ்' என்பார்கள், வேளாண்மைக்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. 'ஸ்டெப்பிங்' என்பது மாணவர் சங்கங்கள் வரிசையாக நின்று காலால் தரையை உதைத்தும் கை தட்டியும் தாளம் எழுப்பும் ஆட்டம். வாத்தியம் தேவையில்லை, உடம்பே பறை. 'ஹோம்கமிங்' என்பது பழைய மாணவர்கள் ஊர் திரும்பி வந்து கொண்டாடும் இலையுதிர்காலத் திருவிழா. ஏ அண்டு டி தன்னுடையதை உலகிலேயே தலைசிறந்த ஹோம்கமிங் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் இடைவேளையில் நீல, பொன் நிறச் சீருடையில் வாத்தியக் குழு களமிறங்கும்போது இருக்கையை விட்டு யாரும் நகர மாட்டார்கள். 'ஹோம்கமிங்' என்ற சொல்லை மட்டும் பெயர்க்காமல் விடலாம். 'பழைய மாணவர் சந்திப்பு' என்று எழுதினால் ஒரு மண்டபமும் மதியச் சாப்பாடும்தான் மனதில் வரும்.

1986-ல் சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த இயற்பியலாளர் ரொனால்டு மெக்நேர் இங்கே படித்தவர். குடிமை உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் இந்த வளாகத்துப் பிள்ளைதான். மாணவர் எண்ணிக்கையில் இன்று கறுப்பின மரபுப் பல்கலைக்கழகங்களிலேயே இதுதான் பெரியது, 14,000 பேரைத் தாண்டிவிட்டது.

பணம் மட்டும் அந்த அளவுக்கு வரவில்லை. 2023 செப்டம்பரில் கூட்டாட்சி அரசின் கல்வி, வேளாண் அமைச்சர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் வந்த பல்கலைக்கழகங்களுக்கு ஒரு மாணவருக்கு மாநிலங்கள் எவ்வளவு கொடுத்தனவோ அதே அளவு 1890 பல்கலைக்கழகங்களுக்கும் கொடுத்திருந்தால், முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று கணக்குக் காட்டினார்கள். ஏ அண்டு டி-யின் பங்கு மட்டும் 200 கோடி டாலருக்கு மேல். இந்தப் பணத்தைப் பற்றிய செய்தியை 'நிதியுதவி' என்று தமிழில் எழுதுவது பிழை, 'நிலுவை' என்றே எழுத வேண்டும்.