சர்வே: மனத்தைக் கேட்பதற்கு என்ன சொல்?

உளவியல் படிக்கும் என் அண்ணன் மகளுக்குத் துணையாகக் காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர் ஒன்றில் வீடு வீடாகப் போனேன். மாந்தோப்பு வைத்திருப்பவர்களின் கவலை, தூக்கம் பற்றிய கேள்வித்தாள் அவள் கையில் இருந்தது. "சர்வே எடுக்க வந்திருக்கோம் பாட்டி" என்றதும் முதல் வீட்டுப் பாட்டி உள்ளே போய்ப் பட்டாவை எடுத்து வந்துவிட்டார். "நாலு மூலைக் கல்லும் அப்படியேதான் இருக்குது சாமி" என்றார்.

அவர் புரிந்துகொண்டதில் தவறே இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் சர்வே என்றால் நிலம்தான். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து தீர்வை விதித்தார்கள். சர்வே நம்பர், சர்வே கல், சர்வேயர் எல்லாம் நம் ஊர்ச் சொற்களாகவே ஆகிவிட்டன.

இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே, 'விதேரே' என்றால் பார்த்தல். சூப்பர்வைசர் என்ற சொல்லும் இதே இரண்டு வேர்களில் பிறந்ததுதான். ஆக, வேரைப் பிடித்துத் தமிழாக்கினால் சர்வே 'மேற்பார்வை' ஆகிவிடும். மேட்டில் நின்று நிலத்தைப் பார்க்கலாம், சரி. மனத்தை அப்படிப் பார்க்க முடியாதே! கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று காலை உணவு உண்ட மேசை மனக்கண்ணில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பலரிடம் கேட்டு, கிடைத்த விடைகளை 1880இல் வெளியிட்டார் பிரான்சிஸ் கால்டன். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட், 'முழுதும் உடன்படுகிறேன்' தொடங்கிச் 'சிறிதும் உடன்படவில்லை' வரை ஐந்து படிகள் வைத்து மனப்பான்மையை அளக்கும் முறையைத் தந்தார். இன்றைய கேள்வித்தாள்கள் பலவற்றில் அந்தப் படிகளின் சாயல்தான்.

தமிழில் இதற்குக் கணக்கெடுப்பு, கருத்துக்கணிப்பு, கருத்தாய்வு, அளவை முறை என்றெல்லாம் எழுதுகிறார்கள். கணக்கெடுப்பு தலைகளை எண்ணுவது. கருத்துக்கணிப்பு என்றதும் தேர்தல் நினைவுக்கு வருகிறது. அளவை என்றால் மறுபடியும் பட்டாதான். கருத்தாய்வு பரவாயில்லை, ஆனால் "நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்?" என்பது கருத்து கேட்பதல்லவே. அதனால் நான் எழுதுவது 'வினவாய்வு': வினவி அறியும் ஆய்வு. கேள்வித்தாளுக்கு வினாநிரல் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

வினா என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆசிரியர் விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. வினவாய்வில் இருக்க வேண்டியது அறியாவினா மட்டும்தான். "விலை இறங்கினால் உங்களுக்குக் கவலையாகத்தானே இருக்கும்?" என்று கேட்டால் விடையை நாமே ஊட்டிவிட்டோம் என்று பொருள். மரியாதைக்காகவே ஆமாம் சொல்லிவிடுவார்கள் நம் மக்கள். ஆமாம் என்று தலையாட்டும் இந்தச் சாய்வை உளவியலாளர்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

விடைப் பக்கம் இன்னும் சிக்கல். பழைய இலக்கணத்தில் விடைக்குச் 'செப்பு' என்று பெயர். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கில் 'செப்பு' என்றால் இன்றும் 'சொல்' என்றுதான் பொருள். ஆனால் கேட்டதற்கு நேராகவே எல்லோரும் செப்பிவிடுவதில்லை. பட்டாவை உள்ளே வைத்துவிட்டு வந்த பாட்டியிடம், ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டாள் அண்ணன் மகள். "காய் விலை இப்படிக் கிடந்தா யாருக்குச் சாமி தூக்கம் வரும்?" என்றார். எட்டு வகை விடைகளில் ஒன்றான வினா எதிர் வினாதல். ஐந்து கட்டங்களில் எதிலும் அது அடங்கவில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள், அப்புறம் கட்டங்களை விட்டுவிட்டுத் தாளின் ஓரத்தில் பாட்டி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.