ஷெல்லை மாற்றிய கணினியில் செட்டிங்ஸ் ஏன் திறப்பதில்லை?

கடையின் பில்லிங் கணினியிலும் மருத்துவமனையின் டோக்கன் இயந்திரத்திலும் விண்டோஸின் வழக்கமான திரை தெரியக் கூடாது, எங்கள் செயலி மட்டும் ஓட வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். விண்டோஸின் அமைப்புத் தகவல்கள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில், உள்நுழைவைக் கவனிக்கும் வின்லோகன் பகுதியில் ஷெல் என்றொரு மதிப்பு உண்டு. உள்நுழைந்ததும் திரையாக வந்து நிற்கும் செயலி எது என்பதை அது சொல்லும். அங்கிருக்கும், வழக்கமான திரையைத் தரும் எக்ஸ்ப்ளோரரின் பெயரை எடுத்துவிட்டுச் செயலியின் பெயரை எழுதினால் ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும் மறைந்துவிடும். சில நிமிட வேலைதான். ஆனால் ரவுட்டரின் கடவுச்சொல் மாறும் நாளில், அந்தக் கணினியின் அமைப்புகளுக்குள் எந்த வழியாகப் போவது என்பதை முன்கூட்டியே யோசித்துவைப்பவர்கள் மிகக் குறைவு.

கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் விசைகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதிலிருந்து செட்டிங்ஸை இயக்கிப் பார்ப்பார்கள். ஒன்றும் திறக்காது, அல்லது புரியாத பிழைச்செய்தி வரும். கணினி பழுதாகிவிட்டதென்று விண்டோஸையே மீண்டும் நிறுவத் தொடங்குகிறவர்களும் உண்டு. அது தேவையற்ற வேலை. விண்டோஸ் 10 முதல் உள்ள செட்டிங்ஸ், ஸ்டோர் செயலிகளின் வகையைச் சேர்ந்தது. அவ்வகைச் செயலிகள் திரையில் தோன்றுவதற்கு எக்ஸ்ப்ளோரர் ஷெல்லாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய கண்ட்ரோல் பேனலின் தனிச் சாளரங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. டைம்டேட்.சிபிஎல் என்று இயக்கினால் தேதி, நேரச் சாளரமும், எம்எம்சிஸ்.சிபிஎல் என்றால் ஒலிச் சாளரமும், டெவ்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி என்றால் சாதன மேலாளரும் திறக்கும். வைஃபைக்கு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் நெட்ஷ் கட்டளை போதும். இவற்றில் நேர மண்டலத்தை நான் முதலில் பார்ப்பேன். பசிபிக் நேரத்திலேயே விடப்பட்ட கணினியில், டிசம்பர் மாதத்துக் காலை 11 மணி பில்லில் முந்தைய நாள் இரவு 9.30 என்று அச்சாகும். நாள் மாறிய பில் கணக்கில் எத்தனை குழப்பம் தரும் என்பது கடை நடத்துபவர்களுக்குத் தெரியும். செட்டிங்ஸ் திறக்காவிட்டாலும் டிஇசட்யூடில் கட்டளை ஒரே வரியில் இதைச் சரிசெய்துவிடும்.

ஆனாலும் கட்டளைகளை மட்டும் நம்பி ஒரு கணினியை ஒப்படைப்பது சரியன்று என்பதே என் கருத்து. ஷெல் மதிப்பைக் கணினி முழுமைக்கும் மாற்றாமல், செயலி ஓடும் பயனர் கணக்குக்கு மட்டும் மாற்ற வேண்டும். நிர்வாகி விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில் பயனர் பிரிவில் உள்ள கஸ்டம் யூசர் இன்டர்ஃபேஸ் என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் ஷெல் லாஞ்சர் வசதியும் உண்டு. அவ்வாறு செய்தால் நிர்வாகிக் கணக்கில் எக்ஸ்ப்ளோரர் வழக்கம்போல் இயங்கும், செட்டிங்ஸும் தடையின்றித் திறக்கும். நேர மண்டலம், சாதன டிரைவர் போன்றவற்றை அங்கே மாற்றினால் கணினி முழுமைக்கும் பொருந்தும். இயல்புநிலைப் பிரிண்டர், விசைப்பலகை மொழி ஆகியவை பயனருக்குப் பயனர் வேறுபடுபவை என்பதால், அவற்றை ஷெல்லை மாற்றுவதற்கு முன்பே அந்தப் பயனர் கணக்கில் அமைத்துவிட வேண்டும்.

பாதுகாப்புக்காக டாஸ்க் மேனேஜரையும் முடக்குபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். முடக்குவது தவறன்று, ஆனால் வேறு நிர்வாகிக் கணக்கு இல்லாத கணினியில் அதைச் செய்தால், செயலி நின்றுபோகும் நாளில் வெறும் கறுப்புத் திரைதான் எஞ்சும். அப்போதும் கமாண்ட் பிராம்ப்டுடன் கூடிய சேஃப் மோடில், அதாவது அடிப்படை வசதிகள் மட்டும் இயங்கும் நிலையில், கணினியைத் தொடங்கலாம். அதில் ஷெல்லின் இடத்தில் கமாண்ட் பிராம்ப்டே வருவதால், ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பழைய மதிப்பை மீட்டுவிட முடியும். அதற்கும் நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். எனவே ஒப்படைக்கும்போதே உரிமையாளரிடம் அதை எழுதிக் கொடுத்து, வைஃபையைத் துண்டித்து, நிர்வாகிக் கணக்கு வழியாக அவர் கையாலேயே மீண்டும் இணைக்கச் சொல்லிப் பாருங்கள்.