சந்தா விலையை அடுத்தவரைப் பார்த்து வைக்காதீர்கள்

விளம்பரமே இல்லாமல், வாசகர் தரும் சந்தாவை மட்டும் நம்பி இணையத்தில் செய்தித்தளம் தொடங்குகிறவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "மாதம் எவ்வளவு வைக்கலாம்?" கையோடு ஏதாவது பெரிய பத்திரிகையின் பெயரைச் சொல்லி, "அவர்களே இவ்வளவு குறைவாகத் தருகிறார்களே" என்பார்கள்.

அவர்கள் கதை வேறு. நியூயார்க் டைம்ஸ் 2011-ல் இணையப் பதிப்புக்குச் சந்தா வாங்கத் தொடங்கியபோதும் விளம்பரத்தை விடவில்லை; இன்றும் விடவில்லை. புதிர் விளையாட்டு, சமையல் என்று தனிச் சந்தாக்கள் வேறு. முதல் வருடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலும், அதே வாசகரைக் காட்டி விளம்பரதாரரிடம் காசு பார்த்துவிடலாம். உங்களுக்கு அந்த வழி கிடையாது. அந்த விலையைக் காப்பியடித்தால் கையைச் சுடும்.

சரி, உங்கள் விலையில் கையில் நிற்பது எவ்வளவு? மாதச் சந்தா 100 என்று வையுங்கள், எந்த நாணயமானாலும் பரவாயில்லை. அதற்குள் 20 சதவீத வரி அடக்கம் என்றால் மீதி 83. வாசகர் ஐபோன் ஆப்புக்குள்ளேயே பணம் கட்டினால், ஆப்பிள் தரும் சிறு நிறுவனச் சலுகை போன்றவற்றில் நீங்கள் இல்லாத பட்சத்தில், அது முதல் வருடம் பொதுவாக 30 சதவீதம் எடுக்கும். தேறுவது 58 தான். அதே ஆள் உங்கள் தளத்திலேயே கார்டில் கட்டினால், கார்டுக் கட்டணம் 6 போக 77 அளவுக்கு நிற்கும்.

கார்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் அமெரிக்காவில் வாங்கும் வழக்கமான கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். சந்தா 2 டாலர் என்றால் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 18 சதவீதம். 10 டாலர் என்றால் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 100 டாலர் வருடச் சந்தா என்றால் 3.2 சதவீதம். சின்னத் தொகையாக வைத்தால் நிறையப் பேர் சேருவார்கள் என்று நினைப்பவர்கள் இந்த 30 சென்ட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

வரியையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரான்சில் 2008-ல் தொடங்கிய மீடியாபார்ட், விளம்பரமற்ற சந்தாத் தளங்களில் நன்றாக ஓடும் ஒன்று. 2011-லேயே லாபத்துக்கு வந்துவிட்டது. அங்கே அப்போது அச்சுப் பத்திரிகைக்கு வரி 2.1 சதவீதம், இணையப் பத்திரிகைக்கோ 20 சதவீதத்தை ஒட்டி. இது பாரபட்சம் என்று சொல்லி அவர்கள் 2.1 சதவீதமே கட்டிவந்தார்கள். 2014-ல் சட்டம் அவர்கள் பக்கம் மாறியது. ஆனாலும் பழைய பாக்கி, அபராதம் என்று வரித்துறை 40 லட்சம் யூரோவுக்கு மேல் கேட்டது. லாபத்தில் ஓடும் நிறுவனம் என்பதால் தாங்கியது.

இனி ஆள் கணக்கு. ஒரு செய்தியாளரின் சம்பளம், பயணம், வழக்கறிஞர் செலவில் அவர் பங்கு எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ஆகிறது என்று வைப்போம். முன்பு பார்த்த 100 சந்தாவில் தலைக்கு 77 வீதம் 520 சந்தாதாரர்கள் வேண்டும். மாதம் 5 சதவீதம் பேர் விலகினால், இருக்கிற இடத்தில் இருக்கவே மாதம் 26 புதியவர்களைப் பிடித்தாக வேண்டும். இன்னொரு விதமாகப் பாருங்கள்: இன்று சேரும் ஆயிரம் பேரில் ஒரு வருடம் கழித்து மிஞ்சுவது 540. விலகல் 3 சதவீதமாகக் குறைந்தால் 694. விலையை ஏற்றுவதா இறக்குவதா என்று மல்லுக்கட்டும் நேரத்தில் பாதியை, ஏன் போகிறார்கள் என்று பார்ப்பதில் செலவிட்டால் லாபம் தானாகத் தெரியும். நான் பார்த்தவரை, பலர் கோபித்துக்கொண்டு போவதில்லை. கார்டு காலாவதியாகிப் பணம் எடுபடாமல் போயிருக்கும். அவர்களுக்கே அது தெரியாது.

விலை அதிகம் வைத்தும் பிழைக்கலாம். தி இன்ஃபர்மேஷன் என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் 2013-ல் வருடத்துக்கு 399 டாலர் என்றுதான் தொடங்கியது. தொழில்நுட்பத் துறை ஆட்களுக்கு அந்தச் செய்தி வேலைக்கே தேவை. பல நேரம் கட்டுவது அலுவலகம். பொதுச் செய்திக்கு அந்த விலை போகாது.

கடைசியாக, என்னிடம் வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம்: வருடச் சந்தா. நெதர்லாந்தின் டி கரஸ்பாண்டென்ட் 2013-ல் தொடங்கும் முன்பே, ஆளுக்கு 60 யூரோ வீதம் எட்டே நாளில் 15,000 பேரைச் சேர்த்தது. அப்படி மொத்தமாகப் பணம் வந்து விழுந்தால் வங்கி இருப்பைப் பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கும். உடனே நாலு பேரை வேலைக்கு எடுக்கத் தோன்றும். ஆனால் அது இன்னும் வருமானம் ஆகவில்லை. வாசகருக்குப் பன்னிரண்டு மாதம் எழுதித் தர வேண்டிய கடன் அது. மாதம் பன்னிரண்டில் ஒரு பங்குதான் உங்கள் வருமானம். அப்புறம், ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள் புதுப்பிப்பதும் ஒரே வாரத்தில்தான். அதே குழுவின் ஆங்கிலத் தளம் 2018-ல், கட்டணத்தை வாசகரே முடிவு செய்யலாம் என்று சொல்லி 26 லட்சம் டாலர் திரட்டியது. 2020 முடிவில் மூடப்பட்டது.

அதனால் வருடச் சந்தாப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் அந்த மாதத்துப் பங்கை மட்டும் நடப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்கிறேன். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே, யார் யாருடைய கார்டு காலாவதியாகிறது என்ற பட்டியலையும் கையில் வைத்திருங்கள்.