திருட்டு டவுன்லோடில் முதலில் அடிபடுவது நட்சத்திரம் இல்லை

பாட்டு மிக்ஸ் செய்வது, அதாவது பதிவான குரலையும் கருவிகளையும் அளவாகக் கலப்பது, என் தொழில். "அவர்கள்தான் நிறையச் சம்பாதிக்கிறார்களே, நான் ஒரு பாட்டை இறக்கினால் என்ன குறைந்துவிடும்?" என்று நன்றாக இசை கேட்பவர்களே கேட்கிறார்கள். பெரிய பாடகருக்குக் கச்சேரி இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, சமாளித்துக்கொள்வார். பாட்டெழுதியவர் மேடை ஏறுவதில்லை. பல நேரம் அவருக்கு வருவது ராயல்டி, அதாவது பாட்டு விற்கும்போதும் ஓடும்போதும் கிடைக்கும் பங்கு, மட்டும்தான்.

அடுத்து அடிபடுபவர், லேபிள் (பாட்டை வெளியிடும் இசை நிறுவனம்) புதிதாக எடுத்த கலைஞர். அவருக்குத் தரும் அட்வான்ஸ் சும்மா கொடுக்கிற பணம் இல்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்தத் தொகையும் ரெக்கார்டிங் செலவும் அவருடைய ராயல்டியில்தான் கழியும், கழிந்து முடியும்வரை பாட்டு எவ்வளவு ஓடினாலும் புதிதாகக் கைக்கு ஒன்றும் வராது. லேபிளின் நிலையும் அப்படித்தான்: போடுகிற ஆல்பங்களில் பல போட்ட பணத்தையே எடுக்காது, ஓடுகிற சிலவற்றின் லாபத்தை வைத்துத்தான் அடுத்த புதுக்குரலுக்குப் பணம் போடுவார்கள். அந்த லாபம் கரைந்தால் முதலில் வெட்டுவது யாரை என்று நினைக்கிறீர்கள்? இன்னும் பெயர் வாங்காதவரைத்தான்.

1999-ல் பாட்டுக் கோப்புகளை இலவசமாகப் பகிரும் நாப்ஸ்டர் வந்தது, 2001-ல் வழக்கில் சிக்கி மூடியது, பழக்கம் மட்டும் போகவில்லை. அதன்பிறகு 2014 வரை உலக இசைப்பதிவு வருமானம் பெரும்பாலும் இறங்குமுகம்தான். எல்லாப் பழியையும் டவுன்லோட் மேல் போடுவது நியாயமில்லை, முழு ஆல்பம் வாங்கியவர்கள் ஒற்றைப் பாட்டு வாங்கத் தொடங்கியதும் ஒரு காரணம். சந்தா ஸ்ட்ரீமிங் பரவிய பிறகுதான் வருமானம் மறுபடி ஏறியது.

சரி, இப்போது நடப்பது வேறு ரகம். ஸ்ட்ரீமிங்கில் ஓடும் பாட்டை ரிப் செய்து, அதாவது அனுமதியில்லாமல் உருவி எடுத்து, கோப்பாக வைத்துக்கொள்வது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான ராயல்டியே கிடையாது. ரிப் செய்த கோப்பை நீங்கள் நூறு முறை ரசித்துக் கேட்டாலும் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. பெரிய பாட்டுக்கு அது பொருட்டே இல்லை, சின்னக் கலைஞருக்கோ அந்த நூறுதான் ஆயிரத்தைத் தாண்டவைப்பது.

உங்களுக்காவது நல்ல பொருள் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நான் மிக்ஸ் செய்த பாட்டு ஒன்று திருட்டுத் தளத்தில் '320' (எம்பி3-யில் உயர்தரம், கேபிபிஎஸ் கணக்கில்) என்ற பெயரில் கிடந்ததைப் பாடகி எனக்கு அனுப்பினார். ஒலியின் அலைவரிசைகளைக் காட்டும் ஸ்பெக்ட்ரமில் போட்டுப் பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், உச்ச ஒலிகள் இருக்கவேண்டிய இடத்தில், துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. தரம் குறைந்த 128 கோப்பை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். சிம்பலின் மினுமினுப்பு, பாடகி மூச்சிழுக்கும் அந்த மெல்லிய காற்று, நாங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தது எல்லாம் போயே போச்சு.

வாங்க முடிந்தால், கலைஞர்களே பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் மாதிரியான இணையதளத்தில் வாங்குங்கள். அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி கலைஞர் பக்கம் போகும். காசு இல்லையா, பரவாயில்லை, கலைஞரின் அதிகாரபூர்வ சேனலில் விளம்பரத்தோடு இலவசமாகவே கேளுங்கள், அதுவும் கணக்கில் ஏறும்.