அடிக்காத அடிக்கு ஆடும் கால்

வெயில் ஏறிவிட்டது. சாயங்காலம் மொட்டைமாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, தரை சூடு அடங்கியதும் பாய் விரித்து உட்கார்ந்தால் கூடவே ஸ்பீக்கரும் வந்துவிடும். போன வாரம் ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் 'எக்ஸோடஸ்' ஆல்பத்தைப் போட்டேன். பக்கத்தில் குப்புறப் படுத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்த என் மகளின் கால்விரல்கள் பாயில் தட்ட ஆரம்பித்தன. கண் புத்தகத்தில்தான் இருந்தது. கால் ஆடுவது அவளுக்கே தெரியவில்லை.

துள்ளல் பாட்டு என்றால் வேகமான பாட்டு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அப்போது ஓடிய பாடலின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 75 அடிதான். சும்மா உட்கார்ந்திருப்பவரின் நாடித்துடிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியானால் காலை ஆட்டியது எது?

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சற்று விரைவாக எண்ணிக்கொண்டே இருங்கள். ஒன்றிலும் மூன்றிலும் தலையை அசையுங்கள். அந்தத் தலையசைப்புதான் நான் சொன்ன 75. நம் காதுக்குப் பழகிய பெரும்பாலான பாட்டில் 'ஒன்று' வரும்போது டிரம்ஸ் பலமாக விழும். ஜமைக்காவின் ரெகே இசையில் 'ஒன் டிராப்' என்ற வாசிப்பு இருக்கிறது. அதில் 'ஒன்று' வரும் இடம் காலி. கிட்டார் இரண்டிலும் நான்கிலும் 'சக், சக்' என்று வெட்டும். டிரம்ஸின் கனத்த அடி மூன்றில் மட்டும் விழும். மார்லியின் குழுவில் டிரம்ஸ் வாசித்த கார்ல்டன் பாரெட் இந்த வாசிப்பில் பெரிய கை. தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரை வாசித்தவர் அவருடைய அண்ணன் ஆஸ்டன். 1976 டிசம்பரில் ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் தன் வீட்டில் மார்லி சுடப்பட்டு உயிர் தப்பினார். பிறகு லண்டனுக்குப் போய் உருவாக்கிய ஆல்பம் இது, 1977 ஜூனில் வெளிவந்தது. அந்தப் பின்னணி தெரிந்த பிறகு இதன் இலகுவான நடை எனக்கு இன்னும் பிரியமாகிவிட்டது.

சரி, அந்தக் காலி இடத்துக்கு வருவோம். அது காதுக்குத்தான் காலி, மூளைக்கு இல்லை. ஒரு தாளத்தைக் கொஞ்ச நேரம் கேட்டதுமே அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை கணக்குப் போட்டு வைத்துவிடுகிறது. இது பழகி வருவதா, பிறவியிலேயே உள்ளதா? ஹங்கேரியின் இஷ்ட்வான் விங்க்லரும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான பதில் தருகிறது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் டிரம்ஸ் தாளம் போட்டார்கள். அவ்வப்போது முதல் அடியை மட்டும் எடுத்துவிட்டார்கள். அடி வராத அந்தக் கணத்தில் குழந்தைகளின் மூளை மின்னலைகள் மாறின. வந்திருக்க வேண்டியது வரவில்லை என்பதைத் தூங்கும் சிசுவின் மூளை கவனித்துவிட்டது!

இந்தக் கணக்கைப் போடுவதில் காதோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளோடு வேறு பகுதிகளுக்கும் பங்கு உண்டு. ஜெசிகா கிரானும் மாத்யூ பிரெட்டும் 2007-இல், ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுத்திருந்தவர்களுக்குப் பலவகைத் தாளங்களைக் கேட்கவைத்தார்கள். அடி தெளிவாகத் தெரியும் தாளம் வந்தபோது, உடலசைவை ஒழுங்குபடுத்தும் ஆழ்மூளைப் பகுதியான பேசல் கேங்லியா கூடுதலாக வேலை செய்தது. ஆக, நாம் அசையாமல் கேட்கும்போதும் அசைவுக்கான ஏற்பாடு உள்ளே நடக்கிறது. டிரம்ஸ் விட்டுவைத்த அடியைக் கால் போட்டுவிடுகிறது.

அப்படியானால் நிறைய அடிகளை விட்டுவிட்டால் துள்ளல் கூடுமா? கூடாது. மரியா விடெக் குழுவினர் 2014-இல் விதவிதமான டிரம்ஸ் துணுக்குகளைக் கேட்கவைத்து, 'ஆட வேண்டும்போல் இருக்கிறதா' என்று கேட்டார்கள். எல்லா அடியும் நேராக விழுந்தால் ஆர்வம் குறைவு. தாளம் மிகவும் சிதறினாலும் குறைவு. நடுத்தரமாக இடம் மாறிய அடிகளுக்குத்தான் உடம்பு அதிகம் துடித்தது. முழுக்க நேராக இருந்தால் மூளைக்கு வேலை இல்லை, ஒரேயடியாகச் சிதறினால் பிடித்துக்கொள்ளக் கொம்பு இல்லை.

நம் கச்சேரி ரசிகர்களுக்கு இது புதிதல்ல. கையில் தாளத்தின் முதல் தட்டு விழுந்து, அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளிப் பல்லவி எழும். அனாகத எடுப்பு என்பார்கள். முதல் தட்டில் தொடை மட்டும் பேசி, குரல் பேசாத அந்த நொடியில் ஒரு சின்னத் தவிப்பு வருகிறதே, அதே குடும்பத்துச் சுகம்தான் இதுவும்.

இந்த வெயிலுக்கு இன்னும் இரண்டு ஆல்பங்களைச் சேர்த்துக் கேளுங்கள். மைக்கேல் ஜாக்சனின் 'ஆஃப் தி வால்', 1979. டாஃப்ட் பங்க்கின் 'ராண்டம் ஆக்சஸ் மெமரீஸ்', 2013. இடையில் 34 வருடம். ஆனால் இரண்டிலும் டிரம்ஸ் வாசித்தவர்களில் ஜான் ராபின்சன் இருக்கிறார். டாஃப்ட் பங்க் கம்ப்யூட்டர் இசைக்குப் பேர்போன இருவர். ஆனால் இந்த ஆல்பத்துக்கு மனிதக் கைகளைத் தேடிப் போனார்கள். அதில் நைல் ரோஜர்ஸின் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். வலது கை நிற்காமல் ஓடுகிறது, இடது கை விரல்கள் தந்தியை லேசாக அமுக்கிப் பல அடிகளை ஊமையாக்குகின்றன. மிஞ்சுவதுதான் நமக்குக் கேட்கும் 'சிக்கு சக்க'. அதில் பெரிய ஹிட்டான பாடலின் வேகம் நிமிடத்துக்கு 116 அடி. மனிதர்கள் இயல்பாக நடக்கும்போது வைக்கும் காலடிகளும் கிட்டத்தட்ட இந்த வேகம்தான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுருதித் தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கட்டைவிரல் அகல ஸ்பீக்கரால் அந்த அதிர்வைத் தர முடியாது. அதே தந்தியில் கூடவே எழும் உயர்ந்த ஒலிகளை வைத்து மூளை சுருதியை ஊகித்துக்கொள்ளும், ஆனால் நெஞ்சில் மோதும் அழுத்தம் கிடைக்காது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கச்சேரியில், காதால் கண்டுபிடிக்க முடியாத அளவு தாழ்ந்த ஒலியை அவ்வப்போது போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். போட்ட நேரங்களில் கூட்டம் 11.8 சதவீதம் அதிகமாக அசைந்தது. 2022-இல் முடிவு வெளியானது.

நான் ஸ்பீக்கரை மாடித் தரையிலேயே வைத்துவிட்டேன். பாய் வழியாக அந்த மூன்றாவது அடி முதுகில் வந்து தொட்டது. மகள் புத்தகத்தை மூடிவிட்டு, 'அப்பா, முதல்ல இருந்து போடு' என்றாள்.