பழைய பில்லிங் சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் திறக்கிறது, ஆனால் சரியாக ஓடுகிறதா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிக் கடைகள், மண்டிகள், சிறு அச்சகங்கள் எனப் பல இடங்களில் கம்ப்யூட்டரை மாற்றுகிறார்கள். சர்வீஸ் வேலையில் இருக்கும் எனக்கு அடிக்கடி வரும் போன் இதுதான்: “சார், புது சிஸ்டத்துல நம்ம பழைய சாஃப்ட்வேர் ஏறவே மாட்டேங்குது.” பழைய சிஸ்டம் எங்கே என்று கேட்டால், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம் என்பார்கள்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளூரில் யாரோ பல வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்த புரோகிராமுக்கு இன்று சிடி இருக்காது, எழுதியவரும் தொடர்பில் இருக்க மாட்டார். ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு காப்பிதான் மிச்சம். மெஷினைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் புரோகிராம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் ஆகியவற்றில் எழுதிய புரோகிராம்களும் விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் புரோகிராம்களும் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. அதனால் கம்பேட்டிபிலிட்டி மோடை (பழைய விண்டோஸ் போலக் காட்டி ஓட்டும் வசதி) எத்தனை விதமாக மாற்றினாலும் பலன் இல்லை. டாஸ் புரோகிராம் என்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ், விடாஸ் போல, டாஸ் சூழலை உருவாக்கித் தரும் மென்பொருட்களுக்குள் வைத்து ஓட்டலாம். சில சமயம் புரோகிராம் 32-பிட்டாகவே இருக்கும், அதன் செட்டப் ஃபைல் மட்டும் 16-பிட்டாக இருந்து மறிக்கும். அப்போது பழைய டிஸ்க்கிலிருந்து புரோகிராம் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் பல நேரம் வேலை நடந்துவிடும்.

விஷுவல் பேசிக் (விபி) 6-ல் எழுதியவை இன்னும் நம் ஊர்க் கடைகளில் நிறைய ஓடுகின்றன. அவை ஓடத் தேவையான அடிப்படை ரன்டைம் ஃபைல்கள் விண்டோஸ் 11-லும் இருக்கின்றன. திறக்கும்போது ஏதாவது ஓசிஎக்ஸ் ஃபைல் (புரோகிராம் பயன்படுத்தும் துணை ஃபைல்) இல்லை என்று சொன்னால், கூகுளில் தேடிக் கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள். அந்த மாதிரித் தளங்கள் வழியாக வைரஸ் ஏறிய சிஸ்டங்களைச் சுத்தம் செய்வது பெரும் பாடு. அந்த ஃபைல் உங்கள் பழைய டிஸ்க்கிலேயே பெரும்பாலும் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும், பழையதும் 64-பிட் விண்டோஸ் என்றால் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் அதைச் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் வைத்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ரெஜிஸ்டர் செய்ய (விண்டோஸில் பதிவு செய்ய) வேண்டும். பெயர் குழப்பமாக இருந்தாலும், 64-பிட் விண்டோஸில் 32-பிட் ஃபைல்களுக்கு அதுதான் இடம்.

சரி, திறந்துவிட்டது. பலரும் இந்த இடத்தில் பணம் கொடுத்து ஆளை அனுப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உண்மையான ஆபத்து இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் டேட்டாவைத் தங்கள் ஃபோல்டரிலேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதும். அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. பழைய 32-பிட் புரோகிராம் நின்றுவிடக் கூடாதே என்று விண்டோஸ் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்கிறது: எழுதப்போகும் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, அந்த யூசருக்குரிய விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டரில் வைத்து, அதில் எழுத வைக்கிறது. புரோகிராமுக்கு இது தெரியாது. நமக்கும் தெரியாது.

ஒரு கடையில் புதுச் சிஸ்டம் போட்டு மாதக்கணக்கில் பில் ஓடியிருந்தது. பிரின்டர் தகராறு ஒன்றைச் சரிசெய்ய வந்த யாரோ, புரோகிராமை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று மாற்றி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை திறந்தால், சிஸ்டம் மாற்றிய நாளுக்குப் பிறகு போட்ட ஒரு பில்லும் இல்லை. கடை அம்மா அழுதேவிட்டார். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும்போது விண்டோஸ் அந்த நகலைக் காட்டாது, புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் பழைய ஃபைலையே காட்டும். பில்கள் எல்லாம் விர்ச்சுவல்ஸ்டோரில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவர்கள் தினமும் பென்டிரைவில் எடுத்துவந்த பேக்கப் புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து எடுத்தது. அத்தனை நாளும் பழைய ஃபைலைத்தான் காப்பி செய்திருக்கிறார்கள். நடுவில் டிஸ்க் போயிருந்தால் மொத்தக் கணக்கும் போயிருக்கும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். இப்படிப்பட்ட புரோகிராமைச் சி டிரைவில் நேரடியாக ஒரு தனி ஃபோல்டர் போட்டு அதில் நிறுவுங்கள். பிறகு ஒரு சோதனை பில் போட்டு, டேட்டா ஃபைலின் தேதியும் நேரமும் மாறுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

அடுத்தது தேதி. புது லேப்டாப்பில் ரீஜன் அமெரிக்கா என்று இருந்தால், நாள்-மாதம் என்று நாம் அடிப்பதை மாதம்-நாள் என்று எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் 3-க்கு 03-04 என்று அடித்தால் அது மார்ச் 4 ஆகிவிடும். பில் போன நிதியாண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 13-ஆம் தேதியிலிருந்து, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், பல விபி புரோகிராம்கள் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் தாங்களாகவே திருப்பிச் சரியாகப் படித்துக்கொள்ளும். ஆக, மாதத்தின் முதல் 12 நாள் (நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் நாள் தவிர) தப்பு, மிச்ச நாள் சரி. மேலோட்டமாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும்போதுதான் இடிக்கும். ரீஜனை இந்தியா என்று வைத்தால் மட்டும் போதாது. பழைய கம்ப்யூட்டரில் ஷார்ட் டேட் (தேதியைச் சுருக்கமாகக் காட்டும் வடிவம்) எப்படி இருந்ததோ, வருடம் இரண்டு இலக்கமா நான்கு இலக்கமா என்பது வரை, அப்படியே வையுங்கள்.

டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு எல்பிடி1 (பழைய பிரின்டர் போர்ட்) வழியாக நேராக அனுப்பும் புரோகிராம் என்றால், யூஎஸ்பி பிரின்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அதற்குத் திருப்பிவிடலாம். தமிழில் பில் வரும் இடங்களில் எழுத்து கோணல்மாணலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரியான ஃபான்ட் விட்டுப்போயிருக்கும், பழைய டிஸ்க்கின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்துப் போட்டால் சரியாகிவிடும்.

எதற்கும் மசியாத புரோகிராம்களும் உண்டு. முக்கியமாக, பழைய டிரைவர் கேட்கும் டாங்கிள் (புரோகிராம் ஓடச் செருகி வைக்க வேண்டிய சிறு பூட்டுச் சாதனம்) வைத்தவை. பழைய கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருக்கும்போதே டிஸ்க்2விஹெச்டி என்ற இலவசக் கருவியால் அதன் டிஸ்க்கை ஒரே ஃபைலாக மாற்றி, புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது எக்ஸ்பி என்றால் அதற்கு நெட் இணைப்பைக் கொடுக்காதீர்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக அதற்கும் ஒரு பேட்ச் வெளியிட்டது என்றாலும், அந்த மாதிரி உதவியை நம்பிக் கடைக் கணக்கை வைத்திருக்க முடியாது.

இப்படி ஓட்டும் நாட்களிலேயே டேட்டாவை வெளியே எடுக்கும் வேலையையும் தொடங்குங்கள். ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் புரோகிராம்களின் டிபிஎஃப் டேட்டா ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் கால்க் நேராகத் திறக்கும், விபி புரோகிராம்கள் பலவும் பயன்படுத்தும் எம்டிபி ஃபைல்களை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் திறந்து எக்செலுக்கு மாற்றலாம். பாஸ்வேர்டு போட்ட எம்டிபி என்றால், எழுதியவரைத் தேடிப்பிடித்து அந்த பாஸ்வேர்டை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.